மனைத்தொழிலும் மதுவரியும்: இங்கிலாந்தில் வீட்டிற் பியர் காய்ச்சும் வழக்கம் – ஒரு வரலாற்று நோக்கு

மதுவைப் பற்றிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அதனை அருந்தியோரைப் பற்றியே பேசுகின்றன. தவறணைகளின் பெருக்கம், குடியினால் விளைந்த கேடு, மதுவொழிப்பு இயக்கங்களின் எழுச்சி, அரசு ஈட்டிய வருவாய் என்பன அந்நூல்களின் பொருளாக அமைந்துள்ளன. அம்மதுவை ஆக்கியோர் யாவர், ஆக்கும் அறிவு தலைமுறை தலைமுறையாக எவ்வாறு கையளிக்கப்பட்டது, அக்கையளிப்பு எப்பொழுது, எக்காரணங்களால் முறிந்தது ஆகிய வினாக்கள் நீண்டகாலமாகப் போதிய கவனத்தைப் பெறவில்லை.

இன்று இங்கிலாந்திலோ ஐக்கிய அமெரிக்காவிலோ வீட்டிற் பியர் காய்ச்ச முற்படும் ஒருவர் முதலில் நாடுவது ஒரு கைந்நூலையாகும். தொடக்கநிலையாளருக்கென எழுதப்பட்ட இத்தகைய நூல்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலக் கிராமமொன்றில் இத்தகைய நூலுக்குத் தேவையே இருக்கவில்லை. சோறாக்கக் கற்பதற்கு நமது கிராமத்துப் பெண்பிள்ளை நூலைத் தேடுவதில்லை. அதுபோன்றே அங்கும் தாயின் அருகில் நின்று மகள் பியர் காய்ச்சக் கற்றாள். எனவே, நூலின்றித் தொழிலைத் தொடங்க இயலாத ‘தொடக்கநிலையாளர்’ எக்காலத்தும் இருந்தவரல்லர். வரலாற்றின் ஒரு குறித்த கட்டத்தில் தோன்றியவர். அவர் தோன்றிய வரலாற்றை, இத்தொழில் பற்றிய சான்றுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கும் இங்கிலாந்தை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொழிலின் இயல்பு

வரலாற்றை நோக்குமுன் தொழிலின் அடிப்படையை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும். பார்லி எனப்படும் வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, முளை கட்டியதும் உலர்த்தினால் முளைத்தானியம் கிடைக்கும். முளைக்கும்பொழுது தானியத்தினுள் நொதியங்கள் உருவாகின்றன. முளைத்தானியத்தை உடைத்து வெந்நீரில் ஊறவைக்கும்போது, அந்நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. இவ்வாறு பெறப்படும் இனிப்பான வடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதனுடன் மதுவத்தைச் சேர்த்தால் சர்க்கரை நொதித்து அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறும். கொதிக்கும்பொழுது ஹொப்பு என்னும் கொடியின் பூவைச் சேர்த்தால் அதன் கைப்பு பானத்துக்குச் சுவையை ஊட்டுவதோடு, அது விரைவிற் பழுதடையாமலும் காக்கும்.

இவற்றுள் மிக நுண்ணியது வெந்நீரின் சூட்டை அறிதலாகும். நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடாக இருப்பின் நொதியங்கள் அழியும். சூடு குறைவாக இருப்பின் மாப்பொருள் செவ்வனே மாற்றமடையாது. வெப்பமானி இல்லாத காலத்தில் இதனை அறிவதற்குக் கையாளப்பட்ட முறை குறிப்பிடத்தக்கது. கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி விலகி நீர்ப்பரப்பில் தன் முகம் தெளிவாகத் தெரியும் வேளையில் முளைத்தானியத்தை இடவேண்டும் என்பதே அம்முறை. கண்ணாலும் கையாலும் பழகி அறியும் இவ்வகை அறிவு, செய்வோரின் அருகில் நின்றே பெறத்தக்கதாகும்.

2. மத்தியகாலக் கிராமமும் பெண்களும்

மத்தியகால இங்கிலாந்தில் அருந்தப்பட்ட பானம் ஹொப்பு சேராத ‘ஏல்’ ஆகும். அது சில நாட்களுக்குள் புளித்துப் பழுதாகிவிடும். வண்டிகளில் ஏற்றித் தொலைவிடங்களுக்கு அனுப்பவும் ஏற்றதன்று. ஆகையால் அடிக்கடி, சிறிய அளவில், அருந்துவோரின் அண்மையிலேயே அது ஆக்கப்பட வேண்டியிருந்தது. வீட்டுப் பானைகளும் வீட்டு அடுப்பும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. இக்காரணங்களால் ஏல் காய்ச்சுதல் சமையலோடு இணைந்த பெண்களின் தொழிலாக அமைந்தது. வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதை அயலாருக்கு விற்றுச் சிறுவருவாய் பெறுவதும் வழக்கமாயிருந்தது.

இதற்கு மொழியே சான்று பகர்கிறது. ‘புரூஸ்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் விகுதி ஆதியிற் பெண்பாலைக் குறித்ததாகும். ஆட்பெயராக இன்றும் வழங்கும் அச்சொல், முன்னொரு காலத்தில் ஏல் காய்ச்சும் பெண்ணைச் சுட்டியது. 15ஆம் நூற்றாண்டில் மதுவத்துக்குக் ‘கடவுள் தந்த நன்மை’ என்னும் பொருள்படும் பெயரொன்று வழங்கியது. ஒருத்தியின் பானையில் எழும் மதுவம் அடுத்த வீட்டாளின் பானைக்குச் செல்வது இயல்பாயிருந்த ஒரு சமூகத்தை இப்பெயர் உணர்த்துகின்றது.

விற்பனைக்கென ஆக்கப்பட்ட ஏல் அதிகாரத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை. மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்ததாகக் கருதப்படும் பாண், ஏல் ஆகியவற்றின் விலைக்கட்டளை (1266–67) தானிய விலைக்கேற்ப ஏலின் விலையை வரையறுத்தது. ஏலைச் சுவைத்து அதன் தரத்தை அறிவிக்கும் அலுவலர் ஊர்தோறும் நியமிக்கப்பட்டனர். கட்டளையை மீறியோர் மீது விதிக்கப்பட்ட சிறு தண்டங்கள் மீண்டும் மீண்டும் அதே பெண்களிடமிருந்து அறவிடப்பட்டமையின், அவை நடைமுறையில் அனுமதிக் கட்டணமாகவே இயங்கின. அத்தண்டப் பதிவேடுகளே இன்று ஆய்வாளருக்கு மூலாதாரமாகப் பயன்படுகின்றன. 1300 முதல் 1600 வரையான காலத்தில் இத்தொழிலில் ஈடுபட்ட ஆங்கிலப் பெண்களைப் பற்றி ஜூடித் பென்னற் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்டதாகும். தண்டனைக்கென எழுதப்பட்ட ஏடே அப்பெண்களின் பெயர்களை நமக்குக் காத்துத் தந்துள்ளமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றெனலாம்.

3. ஹொப்பின் வருகை

14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹொப்பு சேர்ந்த பியர் தாழ்நிலநாடுகளிலிருந்து இங்கிலாந்தின் கிழக்குத் துறைமுகங்களுக்கு வந்திறங்கியது. 16ஆம் நூற்றாண்டில் கென்ற் மாநிலத்தில் ஹொப்புப் பயிர்ச்செய்கை வேரூன்றியது. அப்பயிர்ச்செய்கை பற்றி றெஜினால்ட் ஸ்கொற் எழுதிய நூல் 1574இல் வெளிவந்தது. ஒரு புசல் முளைத்தானியத்திலிருந்து எட்டு அல்லது ஒன்பது கலன் ஏல் மட்டுமே பெறலாம் எனவும், ஹொப்பைச் சேர்ப்பின் அதே புசலிலிருந்து பதினெட்டு முதல் இருபது கலன் வரை நல்ல பியர் பெறலாம் எனவும் அவர் கணக்கிட்டார். ஹொப்பு பானத்தைக் காப்பதனால், பழுதடையாமலிருக்கும் பொருட்டுக் கடுமையாக ஆக்கவேண்டிய தேவை நீங்கியது. குறைந்த தானியத்தில் மிகுந்த பானம் கிடைத்தது.

இம்மாற்றம் தொழில்நுட்பத்தோடு நின்றுவிடவில்லை. கெடாத பானத்தைப் பெருமளவில் ஆக்கிச் சேமிக்கலாம், கப்பலில் ஏற்றலாம், படைகளுக்கு வழங்கலாம். ஆனால் அதற்குப் பெரிய கொதிகலன்களும் மரப்பீப்பாய்களும் களஞ்சியமும் தேவை. அவற்றுக்குக் கடன்பெறும் ஆற்றலும் வேண்டும். திருமணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ சொத்து வைத்திருக்கவோ பொதுவாக இடமளிக்காத சட்டத்தின்கீழ், இவ்வாற்றல் ஆண்களுக்கே இருந்தது. 1438இல் அரச சாசனம் பெற்ற இலண்டன் காய்ச்சுவோர் சங்கம் போன்ற தொழிற்சங்கங்களின் ஆட்சியும் ஆண்களிடமே இருந்தது. கொள்ளைநோய்க்குப் (1348–49) பின்னர் உழைப்போரின் கூலி உயர்ந்து ஏலுக்கான கேள்வி பெருகியபோது, அதனால் விளைந்த இலாபமும் படிப்படியாகப் பெரிய உற்பத்தியாளரையே சென்றடைந்தது. பெண்களுக்குத் திறமை குன்றியதால் தொழில் அவர்கள் கையை விட்டுச் செல்லவில்லை. தொழில் இலாபகரமானதாக மாறியமையே அதற்குக் காரணமாயிற்று.

4. ஒரு குருவானவரின் இல்லத்துக் கணக்கு

எனினும் சந்தைக்கான உற்பத்தி பெண்களிடமிருந்து நழுவிய பின்னரும், வீட்டுத் தேவைக்கான உற்பத்தி பல தலைமுறைகளுக்கு அவர்களிடமே இருந்தது. எசெக்ஸ் மாநிலத்து றட்வின்ரர் என்னும் ஊரின் குருவானவரான வில்லியம் ஹரிசன், இங்கிலாந்தைப் பற்றிய தமது விவரண நூலில் (முதற்பதிப்பு 1577) தம் மனைவி பணிப்பெண்களுடன் மாதத்துக்கு ஒருமுறை பியர் காய்ச்சிய முறையைக் கூறியுள்ளார். எட்டுப் புசல் முளைத்தானியத்தை அவர்கள் வீட்டுத் திரிகையிலேயே அரைத்தனர். அதனால் ஆலைக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய கூலி மீந்தது. சிறிதளவு கோதுமையும் ஓற்சும் அதனோடு சேர்க்கப்பட்டன. வெந்நீரை அதே தானியத்தின்மீது மூன்று முறை வார்த்து வடித்தெடுத்தனர்.

செலவினையும் ஹரிசன் பதிந்துள்ளார். முளைத்தானியம் 10 சிலிங், விறகு 4 சிலிங், ஹொப்பு 20 பென்சு, வாசனைப் பொருள் 2 பென்சு, பணியாளரின் கூலியும் உணவும் 2 சிலிங் 6 பென்சு, பாத்திரத் தேய்மானம் 20 பென்சு. ஆக மொத்தம் 20 சிலிங். இச்செலவில் 200 கலன் பியர் கிடைத்தது. கலன் ஒன்றுக்குச் செலவு ஒரு பென்சுக்குச் சற்றே அதிகமாகும்.

இக்கணக்கில் இரு விடயங்கள் நம் கவனத்துக்குரியன. முதலாவது, செலவின் ஐந்திலொரு பங்கு விறகுக்குரியது, அரைப்பங்கு முளைத்தானியத்துக்குரியது. பிற்காலத்தில் வீட்டுத்தொழிலைத் தாக்கிய இரு நெருக்கடிகளும் இவ்விரு இடங்களிலேயே விழுந்தன. இரண்டாவது, தேய்மானத்தைக்கூடக் கணக்கிட்ட குருவானவர் தம் மனைவியின் உழைப்புக்கு ஒரு பென்சேனும் குறிக்கவில்லை. வீட்டுப் பியர் மலிவாயிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1615இல் ஜேர்வஸ் மார்க்கம் ஆங்கில இல்லத்தரசிக்கென வெளியிட்ட நூலில் முளைத்தானியம் ஆக்குதலும் பியர் காய்ச்சுதலும் இடம்பெற்றன. பெண்களின் கையிலிருந்த அறிவை ஆணொருவர் எழுத்தில் வடித்து அச்சேற்றியமை இங்கு நோக்கத்தக்கது. ஆயினும் அன்று இந்நூல் வசதி படைத்த, எழுத்தறிந்த இல்லங்களுக்கே உரியதாயிருந்தது. குடிசைவாழ் பெண்ணுக்கு அது தேவைப்படவுமில்லை, எட்டவுமில்லை.

5. வரியும் ஆலையும்

உள்நாட்டுப் போரின் செலவை ஈடுசெய்யும் பொருட்டு 1643இல் பாராளுமன்றம் பியர்மீது வரி விதித்தது. முடியாட்சி மீண்ட 1660ஆம் ஆண்டின் பின்னர் பியர் வரி விற்பனைக்கு ஆக்குவோரிடமே அறவிடப்பட்டது. வீட்டுத் தேவைக்குக் காய்ச்சுவோர் அதிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். ஆனால் 1697இல் முளைத்தானியத்தின் மீதும், 1711இல் ஹொப்பின் மீதும் வரி விதிக்கப்பட்டது. வீட்டு அடுப்பை அரசு தொடவில்லை; அடுப்பிலேறும் பொருளைத் தொட்டது. இலட்சக்கணக்கான வீடுகளைக் கண்காணிப்பதிலும் பார்க்க, முளைத்தானியம் ஆக்குவோரைக் கண்காணிப்பது அலுவலருக்கு எளிதாயிருந்தமை இதற்குக் காரணமாகும்.

1830இல் பியர் வரி நீக்கப்பட்டது. உழைப்போருக்கு மலிவான பியர் கிடைக்க வழிசெய்த சீர்திருத்தமாக இது வரவேற்கப்பட்டது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அதுவரை விற்பனைப் பியர் இரட்டை வரியைச் சுமந்திருக்க, வீட்டுப் பியர் முளைத்தானிய, ஹொப்பு வரிகளை மட்டுமே சுமந்தது. 1830இன் பின் இவ்வேறுபாடு மறைந்தது. வீட்டிற் காய்ச்சுவோருக்கு இருந்த விலைநயம் அவர்கள்மீது புதிய வரி எதுவும் விதிக்கப்படாமலே இல்லாதொழிந்தது.

இதே காலப்பகுதியில் ஆலைத்தொழில் வியத்தகு வளர்ச்சியை எய்தியது. சாமுவேல் விற்பிரெட் 1742இல் தொடங்கிய இலண்டன் நிறுவனம், 1785இல் நீராவி இயந்திரத்தைப் பொருத்தியது. 1796இல் ஓராண்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பீப்பாய் பியரை ஆக்கியது. பீப்பாய் ஒன்று 36 கலன். ஹரிசனின் இல்லத்தைப் போன்ற மூவாயிரம் இல்லங்கள் ஓராண்டு முழுவதும் ஆக்கக்கூடிய பியரை ஓர் ஆலை ஆக்கிற்று எனக் கூறின் அதன் பருமன் புலனாகும். அறிவும் இடம்பெயர்ந்தது. மைக்கல் கோம்புரூன் 1758இல் வெளியிட்ட நூல் வெப்பமானியின் பயன்பாட்டை வற்புறுத்தியது. ஜோன் றிச்சர்ட்சன் 1784இல் வெளியிட்ட நூல், வடிநீரின் அடர்த்தியை நீர்மானிவகைக் கருவியால் அளந்து அதன் செறிவைக் கணிக்கும் முறையை விளக்கியது. நீரில் முகம் பார்த்த கண்ணின் இடத்தைக் கருவி பெற்றது.

கிராமத்திலோ நிலைமை வேறாயிருந்தது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. அந்நிலங்களிலிருந்து விறகு பொறுக்கிய உரிமையைக் கூலியாளர் இழந்தனர். முளைத்தானியத்துக்கு வரி, விறகுக்கு விலை, மொத்தமாகத் தானியம் வாங்கப் போதாத வாரக்கூலி ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்து குடிசை அடுப்பை அணைத்தன. பிரபுக்களின் மாளிகைகளிலும் வசதி படைத்த விவசாயிகளின் மனைகளிலும் வழக்கம் மேலும் சிலகாலம் நீடித்தது. வரிவிலக்கு யாவருக்கும் பொதுவாயிருந்தும், அதனை அனுபவிக்கும் வசதி செல்வருக்கே எஞ்சியது.

6. கொபெற்றும் தேயிலையும்

இம்முறிவை நேரிற் கண்டு எழுதியவர் வில்லியம் கொபெற். குடிசைப் பொருளாதாரம் பற்றி 1821ஆம் ஆண்டு முதல் அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட நூல் பியர் காய்ச்சுதலோடுதான் தொடங்குகின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னராயின், வீட்டிற் பியர் காய்ச்சுமாறு ஆங்கிலேயருக்கு அறிவுரை கூறுவது மூச்சுவிடுமாறு அறிவுரை கூறுவதைப் போன்ற வீண்செயலாக இருந்திருக்கும் என்பது அவர் கருத்து. தாம் எழுதும் காலத்தில் அவ்வறிவுரை தேவைப்பட்டமைக்கு முளைத்தானிய வரியையும் ஹொப்பு வரியையும் அவர் குற்றஞ்சாட்டினார். நீரின் சூட்டை 170 பாகை பரனைற்று எனக் கூறி, வெப்பமானி இல்லாதோர் நீரில் முகம் தெரியும் வேளையை நோக்குக எனவும் அவர் எழுதினார். தாயிடமிருந்து பெறவேண்டியதை அச்செழுத்திலிருந்து பெறும் வாசகரை, அதாவது தொடக்கநிலையாளரை, இங்கேயே நாம் தெளிவாகச் சந்திக்கிறோம்.

கொபெற் தேநீரைக் கடுமையாக எதிர்த்தார். அது வலுவூட்டாத, பொருளையும் பொழுதையும் விரயமாக்கும் பானம் என்பது அவர் வாதம். ஆயினும் விறகும் தானியமும் அற்ற குடிசையில் ஒரு கேத்தல் நீரைக் கொதிக்கவைப்பதே இயலக்கூடியதாயிருந்தது. அவர் காலத்தில் அத்தேயிலை சீனாவிலிருந்து வந்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டத்தை அமைத்ததும், கோப்பிச் செய்கை நோயினால் அழிந்ததும், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் இலங்கைத் தேயிலையை ஆங்கில உழைப்பாளரின் அன்றாடப் பானமாக்கின. வீட்டுப் பியரின் வீழ்ச்சிக்குத் தேயிலை மட்டும் காரணமன்று. ஆயினும், ஆங்கிலப் பெண்ணொருத்தி தன் அடுப்பில் ஆக்கிய பானத்தின் இடத்தை நிரப்பிய பானம், கடல் கடந்து மலைச்சரிவிற் கொழுந்து கொய்த தமிழ்ப் பெண்ணின் உழைப்பினால் விளைந்தது என்னும் தொடர்பு, நமது சமூக வரலாற்றை எழுதுவோர் மறக்கலாகாத ஒன்றாகும்.

7. அனுமதிப்பத்திரமும் விடுதலையும்

கிளாட்ஸ்ரன் 1880இல் முளைத்தானிய வரியை நீக்கி, ஆக்கப்படும் பியரின்மீது வரியை விதித்தார். மூலப்பொருள்மீது வரி இல்லாதொழிந்தமையால், வீட்டிற் காய்ச்சுவோரும் மதுவரியின் நேரடி எல்லைக்குட் கொண்டுவரப்பட்டனர். அவர்களும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியதாயிற்று. முன்னர் பொருளைத் தொட்ட அரசு இப்பொழுது அடுப்பையே தொட்டது. ஏற்கனவே நலிந்திருந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிதும் அருகிற்று.

1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் றெஜினால்ட் மோட்லிங் இவ்வனுமதிப்பத்திரத் தேவையை நீக்கினார். விற்பனைக்கான தடை மட்டும் நீடித்தது. அதே ஆண்டில் சி. ஜே. ஜே. பெரி வீட்டுப் பியர் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். 1974இல் டேவ் லைன் எழுதிய விரிவான நூல் வந்தது. பூட்ஸ் மருந்துக்கடைகளில் முளைத்தானியப் பாகு அடைத்த தகரங்கள் விற்பனையாயின. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு நீங்கியபோது, வீட்டில் வைன் ஆக்குதல் அனுமதிக்கப்பட்டும் பியர் விடுபட்டது. ஜனாதிபதி காட்டர் 1978 ஒக்டோபரில் ஒப்பமிட்ட சட்டம் அக்குறையை நீக்கியது. இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வயதுவந்தோராயுள்ள வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 200 கலன் என எல்லை வகுக்கப்பட்டது. ஹரிசனின் மனைவி ஒரே மாதத்தில் ஆக்கிய அளவு அது. மாநிலச் சட்டங்கள் தனித்தனியே மாறவேண்டியிருந்தமையால், மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் 2013ஆம் ஆண்டிலேயே இவ்வுரிமை கிட்டியது.

1984இல் சார்லி பப்பாசியன் வெளியிட்டுப் பெரும் செல்வாக்குப் பெற்ற நூல், தொடக்கநிலையாளரைப் பதற்றமின்றி இருக்குமாறு தேற்றிச் செல்வது குறிப்பிடத்தக்கது. ஏனெனில் அருகில் நின்று வழிகாட்டுவோர் இல்லாதவருக்கே பதற்றம் மிகுதி. பாகைக் கரைத்துக் கொதிக்கவைத்தல், பாத்திரங்களைத் தொற்றுநீக்கிக் கழுவுதல், பொதியிலுள்ள உலர்ந்த மதுவத்தைத் தூவுதல், நீர்மானியால் அளத்தல், போத்தலில் அடைத்தல் என அவர் பின்பற்றும் படிகளுள், வடிநீர் ஆக்கும் மிகக் கடினமான பகுதியை ஆலை முன்னரே செய்து தகரத்தில் அடைத்துவிட்டது.

8. முடிவுரை

ஆலையின் பியர் தரமானது, மலிவானது. எனவே வீட்டுத்தொழில் இயல்பாகவே மறைந்தது எனச் சிலர் கூறக்கூடும். இவ்வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. பாஸ்ரர் 1876இல் பியர் பற்றி வெளியிட்ட ஆய்வும், ஹன்சன் 1883இல் காள்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் தூய மதுவத்தை வளர்த்தமையும் பழுதற்ற பியரைச் சாத்தியமாக்கின. இன்றைய தொடக்கநிலையாளரும் அவற்றின் பயனைத் துய்க்கின்றார். ஆயினும் குடிசைத் தொழில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே சிதைந்துவிட்டது என்பதைக் கொபெற்றின் சான்று காட்டுகின்றது. விஞ்ஞானம் வருமுன்னரே விறகும் பொதுநிலமும் போயின, வரி வந்தது.

தொழில் மீண்டபோது அதன் சமூகப் பொருளும் மாறியிருந்தது. இல்லப்பணியாகப் பெண்கள் ஆற்றியது, ஓய்வுநேரப் பொழுதுபோக்காகப் பெரும்பாலும் ஆண்களிடம் வந்து சேர்ந்தது. சட்டத்தால் பறிக்கப்பட்டதைச் சட்டத்தால் மீளவழங்கலாம். ஆனால் கையளிப்பு முறிந்த அறிவைச் சட்டம் வழங்க இயலாது. அதனை நூலும் சங்கமும் சந்தையுமே புதிதாக உருவாக்கவேண்டியிருந்தது.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இலங்கையிற் கள்ளிறக்குதலையும் மது ஆக்குதலையும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. ஆங்கில அடுப்பை ஆண்ட அதே அரசியற் சிந்தனை நமது பனையையும் தென்னையையும் ஆண்டது என்பதை இதனால் உணரலாம். மதுவின் நன்மை தீமை பற்றிய விவாதம் வேறு. உற்பத்தி அறிவு மக்களின் கையிலிருந்து எவ்வாறு நீங்குகின்றது என்னும் வினா வேறு. பின்னைய வினாவை நமது மரபுத் தொழில்கள் ஒவ்வொன்றையும் குறித்து எழுப்புவதற்கு, அத்தொழில்களை அருகில் நின்று கற்றவர்கள் இன்னும் நம்மிடையே வாழும் காலமே ஏற்ற காலமாகும்.